வெட்டி எடுத்த எட்டு நிமிடம்

பழவேற்காட்டுப் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியையாகச் சேர்ந்தபோது ஊரில் இரண்டே இரண்டு வீடியோ டெக் இருந்தன. ஒன்று கல்யாண வீடுகளுக்கு வாடகைக்குப் போய்வந்துகொண்டிருந்தது. இன்னொன்று பாய் வீட்டில் இருந்தது. பாய் துபாயில் ஒரு வீடியோ கடையில் ஏழெட்டு வருஷம் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். மற்றவர்கள் தங்கமும் சென்ட் பாட்டிலும் கொண்டுவந்தால், அவர் இரண்டு மரப்பெட்டி நிறைய கேசட் கொண்டுவந்தார். எல்லாம் யாரும் பார்க்காத படங்கள். பாட்டு இல்லாத, சண்டை இல்லாத, பாதிக்கு மேல் பேச்சே இல்லாத படங்கள்.

எனக்கும் அந்தப் பைத்தியம் உண்டு. சென்னையில் கல்லூரியில் படித்தபோது ஒரு திரைப்படச் சங்கத்தில் உறுப்பினராக இருந்தேன். வேலை கிடைத்து இங்கே வந்த பிறகு, திருப்பாலைவனத்து வீட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் எனக்கு அந்தப் படங்களைப் பற்றிப் பேச ஒரு ஆள்கூட இல்லை. பாயின் மகள் என் வகுப்பில் படித்தாள். அவள் பள்ளிக்கு வராததை விசாரிக்க வீட்டுக்குப் போனவள், கேசட் அலமாரியைப் பார்த்துவிட்டு வந்த வேலையை மறந்துவிட்டேன். அன்றிலிருந்து சனிக்கிழமை மதியங்களில் பாய், அவர் மனைவி, நான் மூவரும் உட்கார்ந்து படம் பார்ப்பது வழக்கமானது.

கேசட்டுகளைக் காப்பாற்றுவதே அங்கே பெரும்பாடு. உப்புக் காற்றில் நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சணம் பூத்துவிடும். பாய் ஒவ்வொன்றையும் மாதத்துக்கு ஒரு தடவை ஓடவிட்டுத் திருப்பிச் சுற்றி வைப்பார். ஈரத்தை உறிஞ்சிக்கொள்ள அவர் மனைவி துணியில் அரிசி முடிந்து கேசட் பெட்டிக்குள் போடுவார்.

பாய்க்கும் எனக்கும் பொதுவாக ஒரு படம் இருந்தது. எழுபதுகளின் ஆரம்பத்தில் எங்கள் ஏரியிலேயே எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். எடுத்தவர்கள் தங்கியதே பாய் குடும்பத்தின் பழைய வீட்டில்தான். பொன்னேரிக்கு அந்தப் படம் வரவே இல்லை. சென்னையில் மூன்று நாள் காலைக்காட்சியாக ஓடி நின்றுபோனது. நான் அதைச் சங்கத்தில் பார்த்தேன். ஒரே மழை. அதாவது படச்சுருள் கீறிக்கீறி, திரை முழுக்கக் கோடு கோடாக இறங்கும். ஆனாலும் அதில் ஒரு எட்டு நிமிடக் காட்சியை நான் மறக்கவில்லை. இடுப்பளவுத் தண்ணீரில் ஒரு பெண் கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கிறாள். பனையோலையில் முடைந்த பறிக்கூடையின் கயிற்றைப் பல்லால் கடித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பின்னால் ஏழு வயதிருக்கும் அவள் மகள், கழுத்தளவு தண்ணீரில், அம்மா செய்வதையெல்லாம் அப்படியே செய்துகொண்டு வருகிறாள். பேச்சு இல்லை. இசை இல்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும்.

அந்தப் பெண் நடிகை அல்ல. சுண்ணாம்புக்குளம் பக்கத்துக் குடியிருப்பைச் சேர்ந்தவர். அப்போதும் கையால் இறால் தடவி, பாய் வீட்டுக்கும் கொண்டுவந்து கொடுப்பவர். படம் எடுத்து இரண்டு வருஷத்துக்குள் மகள் காய்ச்சலில் போய்விட்டாள். மகளின் போட்டோ ஒன்றுகூட அவரிடம் இல்லை. அந்தப் படத்தை அவர் பார்த்ததும் இல்லை. எடுத்தவர்கள் யாரும் கூப்பிட்டுக் காட்டவில்லை.

எண்பதுகளின் நடுவில் ஒரு சினிமா மாத இதழில் விளம்பரம் வந்தது. அந்தப் படம் வீடியோ கேசட்டாக வரப்போகிறது. மூல நெகட்டிவிலிருந்து எடுத்துச் சுத்தம் செய்த புதுப் பிரதி. ஒரு கீறல் இருக்காது. பாய் அந்தப் பக்கத்தைக் கிழித்து அலமாரிக் கதவின் உட்புறம் ஒட்டிவைத்தார். முன்பதிவுக் கடிதம் போட்டோம். பதில் வந்தது. அடுத்த மாதம் என்றார்கள். அப்புறம் அதற்கடுத்த மாதம். ஏழு மாதம் காத்திருந்தோம். சனிக்கிழமைப் பேச்செல்லாம் அதுவாகவே இருந்தது. விடியற்காலைக் காட்சியில் பனிமூட்டம் தெளிவாகத் தெரியுமா, தண்ணீர்ச் சத்தத்தில் இரைச்சல் போயிருக்குமா என்று வாதாடுவோம்.

"டீச்சர், அந்தச் சங்கத்துல கீற காப்பிய இனிமே தூக்கித்தான் போடணும். அது படமா, கலீஜு," என்பார் பாய்.

நானும் சிரித்தபடி ஆமாம் என்பேன்.

ஒருநாள் இறால் கொண்டுவந்த அந்த அம்மா வாசலில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"இன்னா டீச்சரம்மா, ஏரில எடுத்தாங்களே, அந்தப் படமா? அதுல எம் பொண்ணு கீறாளா?"

நான் பாயைப் பார்த்தேன். ஏழு மாதமாக எங்கள் இரண்டு பேருக்கும் இவரைக் கூப்பிடத் தோன்றவே இல்லை. பின்னால் எனக்கு வந்த கோபத்தில் ஒரு பங்கு என்மேலேயே உண்டு என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

"இருக்காம்மா. நல்லா தெரியுறா. கேசட் வந்ததும் ஒங்களுக்குத்தான் மொதல்ல," என்றேன்.

பார்சல் வந்ததும் அவருக்குச் சொல்லி அனுப்பினோம். பிரிக்காமலே வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை, அவரும் அவர் கணவரும் தங்கையும் உறவுக்காரர்களுமாகப் பத்துப் பன்னிரண்டு பேர் படகில் வந்து இறங்கினார்கள். அந்த அம்மா தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, துவைத்த சேலை கட்டி வந்திருந்தார். பாய் பார்சலைப் பிரித்தார். அட்டையில் அவரேதான்! பல்லில் பறிக்கயிறு, முகத்தில் தண்ணீர் வடிய.

"இது நாந்தான்," என்றார். அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "அவளக் காணோமே?"

"உள்ள இருக்காம்மா," என்றேன்.

படம் ஓடியது. முதல் அதிர்ச்சி, கறுப்பு வெள்ளை இல்லை. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு நீலச் சாயம் பூசியிருந்தார்கள். தண்ணீர்ச் சத்தம் வரவேண்டிய இடத்தில் யாரோ மின்சார ஆர்கன் வாசித்தார்கள். திரையின் அடிப்பக்கம் சலவைத்தூள் விளம்பரம் எழுத்தாக ஊர்ந்துகொண்டே இருந்தது. பாய் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மாவுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை என் பக்கம் திரும்பி, "இப்ப வருவாளா?" என்று மட்டும் கேட்டார்.

"இன்னும் கொஞ்சம் நேரம்."

விடியற்காலைக் காட்சி வந்தது. பனிமூட்டம். கரையில் படகுகள். இதோ, அடுத்தது அவர்கள்தான் என்று நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். ஒரு வெட்டு. படத்தின் கதாநாயகன் சந்தையில் நடந்துபோனான். பாய் எழுந்து நிறுத்தி, பின்னால் ஓட்டிப் பார்த்தார். மறுபடி பனிமூட்டம், மறுபடி சந்தை. மூன்றாம் தடவையும் அதேதான். எட்டு நிமிடமும் இல்லை.

வேறெங்காவது மாற்றி வைத்திருப்பார்களோ என்று கடைசிவரை பார்த்தோம். படம் முடிந்து திரையில் புள்ளி புள்ளியாக வந்தபோது அவர் மெதுவாகக் கேட்டார்:

"செத்துப்போனவங்கள எடுத்துடுவாங்களா டீச்சரம்மா?"

"இல்லம்மா," என்று சொல்லிவிட்டு அட்டையைக் கவிழ்த்து வைத்தேன். பாயின் மனைவி எல்லோருக்கும் டீ கொடுத்தார். அவர்கள் குடித்துவிட்டு, எங்களுக்குச் சங்கடம் வரக்கூடாதே என்பதுபோல, "படம் சோக்கா இருந்திச்சு," என்று சொல்லிப் படகேறினார்கள். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்கவே முடியவில்லை.

மறுவாரம் நான் பள்ளிக்கு லீவு போட்டேன். பாயும் நானும் பஸ் பிடித்துப் பொன்னேரி போய், ரயிலில் சென்னைக்குப் போனோம். கேசட் கம்பெனியின் அலுவலகம் ஒரு மாடியில் இருந்தது. மானேஜர் நல்ல மனிதர்போலத்தான் பேசினார். உட்காரச் சொன்னார், குளிர்பானம் வரவழைத்தார்.

"படம் கேசட் நீளத்துக்குள்ள அடங்கல மேடம். விளம்பரம் வேற சேர்க்கணும். எங்கயாவது குறைச்சாகணும் இல்லையா? அந்த சீன்ல கதையே நகரலை. சேறு, தண்ணி, ஒரு பொம்பளை. யார் பார்ப்பாங்க?"

"அந்தப் பொம்பளையைத்தானே அட்டையில போட்டிருக்கீங்க?" என்றேன்.

"அட்டைக்கு அது நல்லா இருக்கு. கிளாசிக் மாதிரி ஒரு லுக்."

"உள்ள இல்லாத ஆளை அட்டையில போட்டு விக்கறதுக்கு என்ன பேரு சார்?"

அவர் சிரித்தார். பாய் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதே இல்லை. அன்றைக்கும் சத்தம் போடவில்லை.

"வெட்டுனது எங்க கீது? அதக் குடுங்க. எங்களுக்கு வேற ஒண்ணும் வேணாம்."

"அதுவா? டேப்புல எடுத்த மிச்சம்தானே. அழிச்சிட்டு வேற படம் ஏத்தியாச்சு. நெகட்டிவ் தயாரிப்பாளர்கிட்ட திரும்பப் போயிடுச்சு. அவர் வெளிநாட்டுல."

பாய் கேசட்டை மேஜைமேல் வைத்தார். குளிர்பானத்தைத் தொடாமல் எழுந்து நடந்தார். 

இனி மிச்சம் இருந்தது சங்கத்தின் பிரதிதான். தூக்கிப் போடவேண்டும் என்று நாங்கள் சிரித்த அதே மழைப் பிரதி. நேராகச் சங்கத்துச் செயலாளர் வீட்டுக்குப் போனோம். என்னை அவருக்குத் தெரியும். படச்சுருளோடு ஒருநாள் பழவேற்காட்டுக்கு வரமுடியுமா என்று கேட்டேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"உறுப்பினர்களுக்கு மட்டும்தான்மா. ஊருக்கெல்லாம் கொண்டுபோனா பிரதி தாங்காது. அதுவுமில்லாம இந்த மாதிரிப் படத்தைப் புரிஞ்சுக்க ஒரு பயிற்சி வேணும். மீன்பிடிக்கறவங்களுக்கு இது என்ன பிடிபடும்?"

வாழ்க்கையில் பெரியவர்களிடம் நான் குரலை உயர்த்தியது அந்த ஒரு தடவைதான்.

"அவங்க செய்யறதைத்தானே சார் நீங்க எல்லாரும் இருட்டுல உட்கார்ந்து பார்த்து, வெளியில வந்து அரை மணி நேரம் பேசினீங்க? அந்தப் பொண்ணு செத்துப்போச்சு. அம்மாகிட்ட ஒரு போட்டோ இல்ல. இதைப் புரிஞ்சுக்க உங்களுக்குத்தான் பயிற்சி வேணும்."

உள்ளே இருந்து அவர் மனைவி எட்டிப் பார்த்தார். செயலாளர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, புரொஜக்டரைத் தானே இயக்குவதாகவும் வேறு யாரும் தொடக்கூடாது என்றும் சொல்லி ஒப்புக்கொண்டார்.

பள்ளிக்கூடத்தின் பெரிய வகுப்பறையில் ஒரு சனிக்கிழமை பிற்பகல் காட்டினோம். ஜன்னல்களைப் படகுப் பாய்த்துணி கட்டி மறைத்தோம். படகுக்காரர்கள் தந்த அந்தத் துணியின் மீன்வாடை அறை முழுக்க இருந்தது. செயலாளர் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். சுண்ணாம்புக்குளம் பக்கத்திலிருந்து இந்தத் தடவை முப்பது பேருக்குமேல் வந்திருந்தார்கள்.

பனிமூட்டம் வந்தது. கோடு கோடாக மழை கொட்டியது. அந்த மழைக்கு நடுவில் அம்மாவும் மகளும் தண்ணீரில் இறங்கினார்கள்.

அந்த அம்மா அழுவார் என்று நான் நினைத்திருந்தேன். அழவில்லை. முன்னால் சாய்ந்துகொண்டு, பக்கத்திலிருந்த கணவரிடம் பேச ஆரம்பித்துவிட்டார்.

"பாரு, கைய எப்டி வெக்கறா பாரு. வெரல விரிக்காதடின்னு எத்தினி வாட்டி சொல்லிக்கீறேன். ஏய், இந்தாண்ட வா, அங்க பள்ளம்!"

திரையைப் பார்த்துத்தான் சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை. கணவர் மட்டும் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

காட்சி முடிந்ததும் அந்த அம்மா மறுபடி போடச் சொன்னார். செயலாளர் என்னைப் பார்த்தார். பிறகு திருப்பிச் சுற்றிப் போட்டார். இரண்டாம் தடவை முடிந்ததும், யாரும் கேட்காமலே, அவராகவே மூன்றாம் தடவைக்குச் சுற்றினார். அந்தத் தடவை பாதியில் சுருள் அறுந்தது. திரை வெள்ளையானது. செயலாளர், "நான் அப்பவே சொன்னேன், சொன்னேனா இல்லையா?" என்று கத்திக்கொண்டே விளக்கைப் போட்டு, கத்தரிக்கோலை எடுத்தார். பிய்ந்துபோன ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டுத்தான் ஒட்ட முடியும். அவர் கையிலிருந்து தரையில் விழுந்த துண்டைப் பாய் குனிந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். நகம் அளவுக்கு நான்கு படங்கள். முதல் மூன்றும் கிழிசல். நான்காவதில் ஒரு சின்னத் தலை, பாதி முகம், தண்ணீருக்கு மேல் ஒரு கை.

"இத நான் எடுத்துக்கறேன் சார்," என்றார் பாய். அனுமதி கேட்கும் தொனியில் அவர் சொல்லவில்லை. செயலாளர் சுருளை ஒட்டக் குனிந்துகொண்டார்.

பொன்னேரி ஸ்டுடியோக்காரர் அதைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு முடியாது என்றார். பாய் அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். கடைசியில் ஸ்டுடியோக்காரரே அதிலிருந்து ஒரு நெகட்டிவ் எடுத்து, அதைப் பெரிதாக்கி, உள்ளங்கை அளவுக்கு ஒரு போட்டோ போட்டுக் கொடுத்தார். புள்ளி புள்ளியாக இருந்தது. கன்னத்தின்மேல் ஒரு கோடு. ஆனால் தெரிந்தவர்களுக்கு யார் என்று தெரியும்.

கண்ணாடிச் சட்டத்தோடு அதைக் கொடுத்தபோது அந்த அம்மா சேலையில் கையைத் துடைத்துவிட்டு வாங்கிக்கொண்டார். அடுத்த வாரம் இறாலோடு வந்தவரிடம் போட்டோவை எங்கே மாட்டியிருக்கிறார் என்று கேட்டேன்.

"அவ நைனா தலமாட்டுல வெச்சிக்கீறாரு. நான் பாக்கறதில்ல டீச்சரம்மா. நான்தான் அவ நடக்கறதயே பாத்துட்டேனே."

நான் நடந்ததையெல்லாம் அந்தச் சினிமா மாத இதழுக்கு நான்கு பக்கக் கடிதமாக எழுதினேன். 'பிரதியின் தரம் குறித்து வாசகி ஒருவர் வருத்தம்' என்று தலைப்பிட்டு ஐந்து வரி போட்டார்கள். வருத்தமாம்! அதே இதழின் பின்னட்டையில் அந்த கேசட்டின் விளம்பரம் முழுப்பக்கம். அதில் மறுபடியும் அந்த அம்மாவின் முகம். மானேஜருக்கு நான் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் பதில் வரவில்லை. அட்டையிலிருந்து அந்த முகத்தையாவது எடுத்துவிடுங்கள், உங்களுக்கு அதில் உரிமை இல்லை என்றுதான் மூன்றிலும் எழுதியிருந்தேன். இரண்டாம் பதிப்பில் 'முழுமையான படம்' என்ற வரியை அட்டையில் சேர்த்தார்கள். பொன்னேரிக் கடையில் அதைப் பார்த்த நான், கடைக்காரர் எவ்வளவோ தடுத்தும், பேனாவை எடுத்து அந்த வரியை அடித்துவிட்டுத்தான் பஸ் ஏறினேன்.