வாத்துச் சின்னம் போட்ட சட்டை

சனிக்கிழமை மதியம், பிரெஞ்சுத் தலைநகரின் தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பல். ஒரு மரக்கறிக் கடைக்குள் முருங்கைக்காய்ப் பெட்டிகளுக்கு மேலே, துவைத்த பச்சைச் சட்டைகள் வரிசையாகத் தொங்குகின்றன. நெஞ்சில் இருக்கும் வாத்தைப் பார்த்ததும் நின்றுவிடுகிறேன்.

அது இங்கிலாந்தில் நான் வாழும் சிறு நகரத்தின் கால்பந்துக் கழகச் சின்னம். ஆலைத் தொழிலாளர்கள் தொடங்கிய கழகம். மளமளவென்று இரண்டு டிவிஷன் ஏறியது; பெரிய அணிகளையே திணறடித்தது. பிறகு வந்த முதலாளி மைதானத்தை விற்றார், கழகத்தையும் கலைத்தார். கடைசி ஆட்டத்தன்று மழையில் நின்று அவரைத் திட்டியவர்களில் நானும் ஒருவன்.

கடைக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். கழகத்தின் சாமான்கள் ஏலம் போனபோது லண்டன் மச்சான் எடுத்து அனுப்பிய சட்டைகளாம். முதுகில் தன் ஊரின் பெயரைத் தைத்திருக்கிறார்.

"ஒண்ணு விலைக்குத் தருவீங்களாண்ணே? ஞாபகமா வச்சுக்கறேன்."

"ஏலாது தம்பி. நாளைக்கு லா கூர்னெவ் மைதானத்தில எங்கட ஊர்க் கழகங்களின்ரை ஃபைனல். எல்லாம் வேணும்."

"வாத்தை மட்டும் ஏன் விட்டுட்டீங்க?"

"பிரிச்சுப் பாத்தனாங்கள். துணி கிழியுது. இருக்கட்டும், நல்லா ஓடுற வாத்துதான்."

நாளைக் காலை ரயிலில் நான் திரும்ப வேண்டும். கடை வாசலிலேயே நின்று பயணச்சீட்டைத் திங்களுக்கு மாற்றுகிறேன். எங்கள் வாத்து இதுவரை ஒரு ஃபைனலிலும் ஆடியதில்லை.