அழகம்மையின் திதி கிடைத்த விதம்

ஏழு வருடம் என் மனைவி இருக்கிறாளா இல்லையா என்று தெரியாமல் இருந்தேன். சொல்வதற்கு இது ஒரு வரி. அதோடு வாழ்வது எப்படி என்பது மன்னாரிலிருந்து மலைக்கு நடந்து வரும் வடக்குப் பாதையில் ஆளைத் தொலைத்தவர்களுக்குத்தான் தெரியும். கண்டியில் பிரதோஷத்துக்குக் கூடுகிற உங்களில் அப்படிப்பட்டவர்கள் பலர். அதனால்தான் இதை எழுதிக் கொண்டுவந்தேன். வாயால் சொன்னால் பாதியில் அழுதுவிடுவேன். எழுதினால் ஒழுங்காக முடிப்பேன்.

நான் பன்வில மலைக்கு மேலே ஒரு காப்பித் தோட்டத்தில் கணக்கப்பிள்ளை. சொந்த ஊர் திருவாடானைப் பக்கம். வயது நாற்பத்தாறு. இருபது வயதிலிருந்து நாட்குறிப்பு எழுதுகிறேன். மழை எப்போது தொடங்கியது, எப்போது விட்டது, யார் வந்தார், யார் போனார், எல்லாம் அதில் இருக்கும். விட்டுப்போன நாள் ஒன்றும் இல்லை.

ஊரில் இருந்த என் மனைவி அழகம்மையை நானேதான் கடிதம் எழுதி வரச் சொன்னேன். எங்கள் பக்கத்துக் கங்காணி ஒருவன் ஆள் சேர்த்துக்கொண்டு கண்டிக்குப் புறப்பட்டான். அந்தக் கூட்டத்தோடு அவளும் வருவதாக ஏற்பாடு. ஆவணி மாதம் கூட்டம் வந்து சேர்ந்தது. அழகம்மை வரவில்லை.

கங்காணி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "காய்ச்சல் கண்டிருச்சுங்க. நடக்க முடியல. நாலந்தாவுக்கு அந்தப் பக்கம் ஒரு அம்பலத்துல படுக்க வெச்சு, தண்ணியும் அவலும் வெச்சுட்டு வந்தோம். பின்னால வர்ற கூட்டத்தோட வந்துருவாங்க."

"எப்படிய்யா விட்டுட்டு வந்த?"

"ஒருத்தருக்காக நின்னா எல்லாரும் அங்கயே படுத்துருவோம்ங்க."

அன்றே புறப்பட்டேன். மூன்று நாள் நடை. வழிப்போக்கர் தங்கும் அந்த அம்பலத்தில் யாரும் இல்லை. அணைந்த அடுப்பும் வாய் உடைந்த சட்டியும்தான் இருந்தன. சுற்றிக் காடு. கிடைத்தவர்களை எல்லாம் கேட்டேன். மிளகு ஏற்றிக்கொண்டு வந்த ஒரு வண்டிக்காரர் மட்டும், "ஒரு பொம்பளைய மாத்தளைப் பக்கம் வண்டியில ஏத்திட்டுப் போனதப் பாத்தேன் தம்பி. உசுரு இருந்திச்சு" என்றார்.

அந்த ஒரு பேச்சுதான் என்னை ஏழு வருடம் பிடித்து வைத்தது. மாத்தளையில் விசாரித்தேன். கண்டியில் விசாரித்தேன். கங்காணி அடுத்த வருடமே பேதியில் போய்விட்டான். அவனிடம் மறுபடி கேட்கவும் வழியில்லை. வாசலில் யார் நிழல் விழுந்தாலும் தலையைத் தூக்கிப் பார்ப்பேன். அவள் பேரைச் சொல்லி விளக்கு ஏற்றவும் முடியாது. அவளுக்கென்று சோறு எடுத்து வைக்கவும் முடியாது. இரண்டுமே தவறாகப் பட்டது.

ஊரிலிருந்து என் அக்காள் சேதி மேல் சேதி அனுப்பினாள். இராமேசுவரம் வா, காரியத்தைச் செய், மறுகல்யாணத்தைப் பார் என்று. இந்த வருடம் ஆனி கடைசியில் தோட்டத்துத் துரையிடம் விடுப்புக் கேட்டுப் புறப்பட்டேன். மன்னார் வரை நடந்து, அங்கிருந்து தோணி ஏறி, ஆடி அமாவாசைக்கு முதல்நாள் இராமேசுவரத்தில் இறங்கினேன். போகும்போது அந்த அம்பலத்தில் ஒரு பொழுது தங்கினேன். அங்கே எனக்குத் தூக்கம் வரவில்லை.

அமாவாசைக் காலையில் நானும் ஊரிலிருந்து வந்திருந்த அக்காளும் அக்னி தீர்த்தக் கரையில் உட்கார்ந்தோம். கடற்கரை முழுக்கச் சனம். சாஸ்திரிகள் தர்ப்பையை என் விரலில் மாட்டிவிட்டுக் கேட்டார். பேர் சொன்னேன். கோத்திரம் சொன்னேன். நட்சத்திரம் சொன்னேன்.

"போன திதி?"

"தெரியாது சாமி."

"மாசமாவது?"

"போனாளா என்பதே தெரியாது."

அவர் கையை நிறுத்திவிட்டார். அக்காள் முந்திக்கொண்டாள்: "அவ போயிட்டா சாமி. நீங்க பண்ணுங்க."

"நீங்க பார்த்தேளா?"

"அதைப் போயிப் பாக்கணுமா? ஏழு வருசமாச்சே!"

"பன்னிரண்டு வருஷம் காத்திருக்கணும்மா. எங்கேயோ அவ பாட்டுக்குச் சமைச்சுண்டு இருப்பா, இங்கே நாம பிண்டம் உருட்டிண்டு இருப்போம். நன்னா இருக்குமா?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் கோபம் வரவில்லை. அவர் சொன்னது சரி. தர்ப்பையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு எழுந்தேன். எள்ளுப் பொட்டலம் துண்டில் முடிந்தபடியே இருந்தது.

ஆனாலும் வந்த இடத்தில் செய்ய வேண்டியதைச் செய்தேன். கடலில் முழுகி, இருபத்திரண்டு தீர்த்தத்திலும் குளித்தேன். ஈரத் துணியோடு அந்த நீண்ட பிராகாரத்தில் நடந்தேன். முறைப்படி முதலில் காசியிலிருந்து வந்த விசுவலிங்கத்தைக் கும்பிட்டுவிட்டு, பிறகு இராமநாதர் சந்நிதிக்குப் போனேன். அங்கே நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. இது தொலைந்த மனைவியை இலங்கையிலிருந்து மீட்டுக்கொண்டு வந்தவர் பூசித்த லிங்கம். அந்த மனைவியே மணலில் பிடித்த லிங்கம். நானும் இலங்கையிலிருந்துதான் வந்திருக்கிறேன். தனியாக வந்திருக்கிறேன்.

எனக்குப் பாட்டு வரவில்லை, மந்திரம் வரவில்லை. "அவளைக் கொடு. இல்லையென்றால் அவள் திதியைக் கொடு. இரண்டில் ஒன்று" என்றேன். அவ்வளவுதான் என் பிரார்த்தனை. கூட்டம் தள்ளியது. வெளியே வந்துவிட்டேன்.

மறுநாள் ஜடாயு தீர்த்தத்துச் சிவன் கோயிலுக்கு நடந்து போனேன். ஆள் நடமாட்டம் இல்லாத மணல்காடு. இராவணன் தூக்கிப்போன திசையைச் சொல்லிவிட்டு உயிரை விட்ட பறவையின் நினைப்பாக இராமர் குளித்த இடம் என்கிறார்கள். எனக்கும் அப்படி ஒரு பறவை கிடைக்காதா என்று அந்தச் சிவனிடமும் கேட்டேன். காற்றுதான் அடித்தது. தோணித்துறையில் அக்காள், "உன் பிடிவாதத்துக்கு நான் பாவி ஆளாகிட்டேன்டா" என்று அழுதாள். நானும் அழுதேன். இந்தப் பயணம் வீண் என்றே குறிப்பில் எழுதினேன்.

தோட்டத்துக்குத் திரும்பிய ஐந்தாம் நாள் துரை கூப்பிட்டார். கடுகண்ணாவைப் பக்கம் அவர் சிநேகிதரின் தோட்டத்தில் கணக்கப்பிள்ளைக்குக் காய்ச்சலாம். அவர் எழுந்து நடமாடும்வரை நான் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும். போனேன். மறுநாள் விடிகாலை தப்பு மேளம் அடித்ததும் ஆட்கள் கூடினார்கள். ஆட்களின் பெயர் எழுதிய, எனக்குப் பழக்கமில்லாத அந்தத் தோட்டத்துச் செக்ரோல் புத்தகத்தைப் பிரித்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக் குறித்துக்கொண்டு வந்தேன்.

"அழகம்மை. தகப்பன் சொக்கலிங்கம்."

என் மாமனார் பெயர். கீழே எங்கள் ஊர்ப் பெயர்.

"வந்திருக்கேங்க" என்று பின்வரிசையில் ஒரு குரல்.

புத்தகத்தை மூடிவிட்டேன். என் வேலையில் அப்படி நடுவில் மூடியது அந்த ஒரு நாள்தான். முன்வரிசையில் ஒருவன், "பேருதாங்க அழகு. ஆளப் பாத்து ஏமாந்துராதீங்க" என்றான். எல்லாரும் சிரித்தார்கள். "போடா, உன் மூஞ்சிக்கு" என்று சொல்லிக்கொண்டே ஒரு பெண் முன்னால் வந்தாள்.

அவள் என் அழகம்மை இல்லை.

"இது எந்த ஊரும்மா உனக்கு?" என்றேன்.

"அதுலதான் போட்டிருக்குதுங்களே."

"அது எம் பொண்டாட்டி ஊரு. எம் பொண்டாட்டி பேரு."

அவள் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. என் கையில் இருந்த பேனாவைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"எழுதுறவரு நீங்கதானா?" என்றாள்.

அன்பர்களே, அன்று ஆவணி அமாவாசை. ஆடி அமாவாசையில் நான் கேட்டேன். முப்பதாம் நாள் அவள் வாயால் பதில் வந்தது.

ஆட்கள் மலைக்குப் போனபின், காப்பி ஸ்டோர் வாசலில் உட்கார்ந்து அவள் சொன்னாள். அவள் உண்மைப் பெயர் வீராயி. புருசனோடு வேறொரு கூட்டத்தில் வந்தவள். வழியில் புருசன் செத்தான். இவளும் காய்ச்சலில் பின்தங்கி, தவழ்ந்து அந்த அம்பலத்துக்கு வந்தபோது அங்கே அழகம்மை கிடந்தாள். இருவரும் மூன்று நாள் ஒருவருக்கொருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்கள்.

"அப்போ பின்னால ஒரு கூட்டம் வந்துச்சுங்க. மஞ்சள்ல பிள்ளையார் பிடிச்சு வெச்சுக் கும்பிட்டாங்க. அன்னைக்குச் சதுர்த்தியாம். ஒரு அம்மா ரெண்டு கொழுக்கட்டை குடுத்தாங்க. உங்க வீட்டுக்காரம்மா ஒண்ணைக் கடிச்சாங்க. முழுங்க முடியல. அப்பத்தான் சொன்னாங்க: 'எம் புருசன் மழை பெஞ்சா எழுதுவாரு, கோழி முட்டை போட்டா எழுதுவாரு. நான் போன நாள் தெரியலேன்னா தவிச்சுப் போயிருவாரு. சதுர்த்தி இன்னைக்கு. நீ நாளை எண்ணி மனசுல வெச்சுக்க.' மறுநாள் விடியறப்போ போயிட்டாங்க. பஞ்சமிங்க. நான் மறக்கவே இல்ல."

அந்தக் கூட்டத்தில் இருந்த இரண்டு ஆண்கள் அம்பலத்துக்குப் பின்னால் காட்டுக்குள் ஒரு புளியமரத்தடியில் குழி வெட்டினார்களாம். மண் தள்ளும்வரை அந்த அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாளாம். நடக்க முடியாத இவளை விட்டுவிட்டு அந்தக் கூட்டமும் போனது. பிறகு எங்கள் கங்காணியின் ஆள் வண்டியோடு திரும்பி வந்தான். இருந்தவள் இவள் ஒருத்திதான். கங்காணிக்குத் தலைக்கு இவ்வளவு என்று காசு; தலை குறையக் கூடாது என்று இவளை ஏற்றி, "இனி நீதான் அழகம்மை. வேற பேரு சொன்ன, இறக்கி விட்டுருவேன்" என்று மிரட்டி, எங்கள் மலைக்குக் கொண்டுவராமல் கண்டிக்கு அந்தப் பக்கம், இந்தக் கடுகண்ணாவைத் தோட்டத்தில் கொண்டுவந்து விட்டான். வண்டிக்காரர் பார்த்தது இவளைத்தான்.

"உங்ககிட்ட எப்பிடிச் சேதி சொல்றதுன்னு தெரியலைங்க. பேரச் சொன்னா வெரட்டிருவாங்கன்னு பயம். தெனம் காலையில அவங்க பேரக் கூப்பிடுவாங்க, நான் 'வந்திருக்கேன்'னு சொல்லுவேன். தெனம் நெஞ்சு சுடும்."

அடுத்து வந்த பஞ்சமிக்கு ஐந்தே நாள் இருந்தது. அதற்குள் ஒருமுறை பன்வில போய்வந்தேன். ஏழு வருடத்துக்கு முந்தைய குறிப்பை எடுத்தேன். ஆவணி வளர்பிறைப் பஞ்சமி. என் கையெழுத்தில் இருந்தது இதுதான்: 'காலையில் மழை. பத்து மணிக்கு விட்டது. கண்டியில் அழகம்மைக்கு மரச்சீப்பு ஒன்று வாங்கினேன்.' அவளைப் புதைத்த நேரத்தில் நான் சீப்பின் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். அதைப் படித்துவிட்டு அன்று முழுவதும் நான் எழுந்திருக்கவில்லை.

பஞ்சமியன்று பேராதனையில் ஆற்றங்கரையில் காரியம் செய்தேன். கண்டிக் கோயில் குருக்கள் திதி கேட்டார். சொன்னேன். துண்டில் முடிந்த எள்ளை அவிழ்த்தேன். நான் கேட்டது இரண்டில் ஒன்று. இறைவன் கொடுத்தது துக்கமானது. ஆனால் கொடுத்தான். அவள் தன் நாளை எனக்கென்று ஒருத்தியிடம் சொல்லிவைத்திருந்தாள். அவள் அநாதையாகச் சாகவில்லை என்பதையும் சேர்த்தே அவன் கொடுத்தான்.

அந்தத் துரையிடம் நடந்ததைச் சொல்லி, அனுமதி வாங்கி, செக்ரோலில் 'அழகம்மை' என்ற பெயரை என் கையாலேயே அடித்தேன். பக்கத்தில் 'வீராயி' என்று எழுதினேன். மறுநாள் அந்தப் பெயரைக் கூப்பிட்டபோது பதில் இல்லை. "ஏய், உன்னத்தான்டி!" என்று பக்கத்துப் பெண் அவளை இடித்தாள். வீராயி திடுக்கிட்டு, "வந்திருக்கேங்க" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

இப்போது புதிதாக எந்தக் கூட்டம் மலைக்கு வந்தாலும் முதலில் ஒன்று கேட்கிறேன்: வழியில் யாரை விட்டீர்கள், எந்த நாள், எந்த இடம்? சொல்வதை அப்படியே எழுதுகிறேன். தேடி வருகிறவர்களுக்குச் சொல்கிறேன். ஆளைத் தொலைத்தவர்கள் தயங்காமல் ஈசனிடம் கேளுங்கள். கேட்ட இடத்தில் பதில் வராவிட்டாலும் விட்டுவிடாதீர்கள்.

இன்னும் ஒன்று. வீராயியின் புருசன் பெயர் மாடசாமி. உயரமான ஆள், இடது காதில் கடுக்கன். மன்னாருக்கும் நாலந்தாவுக்கும் நடுவில், அதே வருடம், அதே ஆவணியில் போனவன். அன்று அவளுக்குக் காய்ச்சலில் நினைவில்லை. நாள் தெரியாது. அவள் இப்போது கேட்கத் தொடங்கியிருக்கிறாள். இன்று விளக்கின் முன் நிற்கும்போது அவளுக்காகவும் கேளுங்கள். அந்த வழியாக வந்தவர்கள் உங்களில் யாராவது இருந்தால், நன்றாக யோசித்துப் பார்த்து, எனக்குச் சொல்லுங்கள்.