அப்பாவுக்கு நான் டாக்டர்

நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்த மறுநாள் காலையில், டப்ளினில் நாங்கள் நோயாளியை எழுப்பி நாற்காலியில் உட்கார வைத்தால், அவர் முதலில் டோஸ்டும் டீயும் கேட்கிறார். கதவுக்கு வெளியே அழுதுகொண்டு நிற்கும் சொந்தக்காரர்கள் யாரும் இல்லை. இத்தனை வருடமாகியும் இது எனக்குப் பழகவில்லை. போன வாரம் ஒரு பெரியவரைத் தாங்கி நிறுத்தினேன். “நீ டாக்டரா?” என்றார். “இல்லை, நர்ஸ்.” “நல்லவேளை. டாக்டர் வந்தால் ஏதோ கோளாறு என்று அர்த்தம்” என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. புண்படுத்திவிட்டதாக நினைத்து அவர் மன்னிப்புக் கேட்டார்.

அவர்மீது எனக்கென்ன கோபம்? நர்ஸிங் சேர்ந்தபோது, “கண்டவன் மூத்திரம் அள்ளறதுக்கா உன்னயப் படிக்க வெச்சேன்?” என்று கேட்டவர் என் அப்பா. நான் அயர்லாந்துக்கு விமானம் ஏறியதும், எங்கள் ஊர் துடியலூர் முழுக்க என்னை டாக்டராக்கியவரும் அவர்தான். சென்ற ஆண்டு கோயமுத்தூரில் அவருக்கு பைபாஸ் நடந்தது. விடுப்பு எடுத்துக்கொண்டு ஓடினேன். மறுநாளே அவரை நடக்க வைக்கப்போகிறார்கள் என்றதும் மாமா ஆஸ்பத்திரி வராந்தாவில் கத்தினார்: “தையலு காயறதுக்குள்ள எந்திரிக்கச் சொல்றாங்க. கட்டிலு பத்தலையாட்ட இருக்குது! ஏப்பா டாக்டரு, நீயாச்சும் சொல்லு.” படுத்தே கிடந்தால் நுரையீரலில் சளி கட்டும், நடந்தால்தான் தேறுவார் என்றேன். டாக்டர் சொன்னதால் மாமா அடங்கினார். நர்ஸ் சொல்லியிருந்தால் அடங்கியிருக்க மாட்டார்.

என்னை மட்டும் உள்ளே விட்டார்கள். அங்கிருந்த நர்ஸ் ஸ்டெல்லா ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். தையல் அதிராமலிருக்க ஒரு கையால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்பா எழுந்தார். கால் நடுங்கியது. உடம்பின் பாரம் முழுக்க என் தோளில் இறங்கியது. சிறுவயதுக்குப் பிறகு அவர் என்னைத் தொட்டதே அப்போதுதான். மூச்சு வாங்க, “ஏனுங்க அம்மணி, எம் பையன் அங்க பெரிய டாக்டருங்க” என்றார்.

நெஞ்சிலிருந்து வரும் குழாய் இழுபடாமல் நான் ஏந்தியிருந்ததை ஸ்டெல்லா பார்த்துவிட்டாள். “டாக்டருங்க யாரு ட்யூபை இப்படிப் புடிக்கறாங்க? நீங்களும் நம்மளாட்ட நர்ஸ்தானுங்களா?” என்று சந்தோஷமாகக் கேட்டாள்.

நான் தலையசைத்தேன். அப்பா என் தோளிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். “நீ உடு. அந்த அம்மணி பாத்துக்கும்.” அவள் முகம் சுண்டிவிட்டது. அவளை மட்டும் பிடித்துக்கொண்டு அவர் நாற்காலிக்கு நடந்தார். வழி முழுக்க, அவர் தொடாத தூரத்தில், குழாயை ஏந்திக்கொண்டு கூடவே போனேன்.

இப்போது அப்பா தினமும் நடக்கிறார். கை பிடிக்கச் சம்பளத்துக்கு ஓர் ஆள் வைத்திருக்கிறார்கள். நேற்று டப்ளின் ஆஸ்பத்திரி கேண்டீனிலிருந்து வீடியோவில் கூப்பிட்டேன். திரையில் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். “மாமா வந்திருக்கறாரு கண்ணு. அந்த யூனிபார்ம மாத்திப்போட்டுக் கூப்புடு.”

போனை வைத்துவிட்டு, யூனிபார்மோடு மேலே வார்டுக்குப் போனேன். யாருடைய அப்பாவோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, எழுந்து நிற்க என்னை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டினார்.