மூன்று மணிக்கு மூடிய டெண்டர் பெட்டி

காரைக்குடிப் பக்கத்தில் ஒரு சின்ன ஊராட்சிக்கு நான் ஐந்து வருடம் தலைவராக இருந்தேன். பதவிக்காலம் முடிந்து வீட்டில் இருக்கிறேன். இப்போதும் கல்யாண வீடுகளில் என்னைப் பார்க்கிறவர்கள் ஒன்றைத்தான் கேட்கிறார்கள். "வியாழக்கிழமைய வேணும்னுதான வச்சீக?" இல்லை, சத்தியமாக இல்லை. சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. அதனால் நானும் மறுப்பதை விட்டுவிட்டுச் சிரித்துக்கொள்கிறேன்.

விஷயம் கீழத்தெருவின் தண்ணீர். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் குழாய் பிள்ளையார் கோயிலோடு நின்றுபோயிருந்தது. அதற்கு அப்பால் இருந்த பெண்கள் மேலத்தெருவுக்குக் குடத்தோடு வந்து, அடுத்தவர் வாசலில் காத்திருந்து பிடிக்க வேண்டும். நாலு பேச்சு வாங்காமல் ஒரு குடம் நிறையாது. அந்தப் பேச்சையெல்லாம் என் காதாலேயே கேட்டிருக்கிறேன். ஓட்டுக் கேட்கப் போனபோது, தெருக்கடைசி வரைக்கும் குழாய் போட்டுத் தருகிறேன் என்று வாய்விட்டுவிட்டேன்.

ஒருவழியாக நிதி வந்தது. மார்ச்சுக்குள் வேலையை யாரிடமாவது ஒப்படைக்காவிட்டால் அது வந்த வழியே போய்விடும். அதற்கு டெண்டர் விட வேண்டும். டெண்டர் என்றால் எங்கள் பக்கத்தில் பெரிய கான்ட்ராக்டர் ஒருவர்தான். தங்கமான மனிதர், எந்த வீட்டு விசேஷத்துக்கும் முதல் ஆளாக வந்து நிற்பார். ஆனால் அவர் கேட்கிற விலைக்கு எந்த நிதியும் பாதித் தெருவைத் தாண்டாது. பிள்ளையார் கோயிலோடு குழாய் நின்ற கதையும் அதுதான்.

அவருடைய முறையை எங்கள் ஊராட்சிச் செயலர்தான் எனக்கு விளக்கினார். கான்ட்ராக்டர் தன் ஆட்கள் இரண்டு பேரை விட்டுக் காலையிலேயே ஒப்புக்கு இரண்டு கவர்களைப் போட வைப்பார். இரண்டிலும் எக்கச்சக்க விலை இருக்கும். தன் கையில் வேறு இரண்டு கவர்கள் வைத்துக்கொண்டு வெளியே காத்திருப்பார். வெளியாள் யாராவது வந்தால் குறைந்த விலைக் கவர், யாரும் வராவிட்டால் கூடின விலைக் கவர். அதனால் கடைசி நிமிடம் வரை உள்ளே வரமாட்டார்.

"கடைசி நிமிஷம் தாண்டிட்டா?" என்று கேட்டேன்.

"அவுக வர்ற வரைக்கும் பெட்டிய மூடுறதில்லம்மா. அப்படியே பழகிப்போச்சு" என்றார் செயலர், காலையில் காபி குடிப்பதைச் சொல்வது போல.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒன்றிய அலுவலகத்தில் தலைவர்களுக்கு ஒரு பயிற்சி வைத்திருந்தார்கள். பாதிப் பேர் தூங்கினோம். ஆனால் ஒன்று என் மண்டையில் ஏறியிருந்தது. குறித்த நேரம் முடிந்தபின் வருகிற கவரைத் தலைவரே நினைத்தாலும் வாங்கக் கூடாது. வாங்கினால் தணிக்கையில் மொத்த டெண்டரும் அடிபடும். அறிவிப்பும் நாலு பேர் கண்ணில் படுகிற இடத்தில் இருக்க வேண்டும். அதுவரை எங்கள் அறிவிப்புகள் பூட்டிய அறைக்குள் இருந்த பலகையில்தான் தொங்கின. இந்த முறை ரேஷன் கடைச் சுவர், பஸ் ஸ்டாப், டீக்கடை என்று ஒட்டச் சொன்னேன். போட்டோ எடுத்து வாட்ஸப்பிலும் அனுப்பினேன்.

அறிவிப்பில் வியாழக்கிழமை மாலை மூன்று மணிவரை என்று போட்டிருந்தேன். அதை டீக்கடைச் சுவரில் படித்துவிட்டு என் வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார். "வியாழக்கிழமை ஒன்றரையிலருந்து மூணு ராகு காலம். அந்த நேரத்துல எவன் வந்து கவரைப் போடுவான்? காலண்டரப் பாக்க மாட்டியா?" பார்த்திருக்க வேண்டியதுதான். எங்கள் வீட்டில் ராகு காலத்தில் ஒரு கிலோ புளிகூட வாங்கமாட்டோம். யாரும் வராமல் டெண்டர் விழுந்துபோனால் இன்னொரு முறை விட நாள் கிடையாது. கீழத்தெருவின் தண்ணீரை என் அவசரபுத்தியால் நானே கெடுத்துவிட்டேனோ என்று அன்றைக்கெல்லாம் காலண்டரையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்த வியாழக்கிழமை காலையில் ஒப்புக்குப் போடுகிற இரண்டு கவர்களும் ஒழுங்காக வந்து விழுந்தன. மதியம்வரை வேறு யாரும் வரவில்லை. கான்ட்ராக்டரின் கார் ஊருணிக்கரை மர நிழலில் வந்து நின்றது. ராகு காலம் தொடங்கியது. அலுவலகத்தில் நானும் செயலரும் சுற்றுகிற மின்விசிறியும்தான்.

இரண்டேகால் மணி வாக்கில் ஒரு அம்மா டவுன் பஸ்ஸிலிருந்து இறங்கி, தோளில் சாப்பாட்டுக்கூடையோடு வேர்க்க விறுவிறுக்க வந்தார். நாட்டரசன்கோட்டைப் பக்கம் கணவனும் மனைவியுமாகக் குழாய் வேலை எடுத்துச் செய்கிறவர்களாம், பதிவு இவர் பெயரில்தான். கூடைக்குள்ளிருந்து கவரை எடுத்தார். நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு பெட்டியில் போட்டுவிட்டு, "குடிக்கக் கொஞ்சம் தண்ணி இருக்குங்களா?" என்று கேட்டார். நான் சொம்போடு ஓடினேன். காரில் இருந்தவர் அவரை யாருக்கோ சோறு கொண்டு வந்தவர் என்று நினைத்துக்கொண்டாராம்.

மூன்று மணி ஆனது. "மூடுங்க" என்றேன்.

செயலர் ஜன்னல் வழியாகக் காரைப் பார்த்தார். "அவுக வரட்டும்மா. ராகு காலம் முடிஞ்சு இப்ப வந்துருவாக."

அவரிடம் பேசிப் பிரயோசனம் இல்லை என்று நானே தாளில் பசை தடவிப் பெட்டியின் வாயில் ஒட்டினேன். அதன் மேல் நான் கையெழுத்துப் போட்டேன், கவர் திறப்பதைப் பார்க்கக் காத்திருந்த அந்த அம்மாவையும் போடச் சொன்னேன்.

மூன்று அடித்து நல்ல நேரம் நன்றாகவே பிறக்கட்டும் என்று பத்து நிமிடம் விட்டு, வெள்ளை வேட்டி பளபளக்க உள்ளே வந்தார் கான்ட்ராக்டர். ஒட்டின தாளைப் பார்த்தார்.

"என்ன தலைவரம்மா, மூடிட்டீக? ராகு காலம் முடியட்டும்னுல்ல உக்காந்திருந்தேன்."

"மூணு மணின்னு போட்டிருக்குல்லண்ணே. டீக்கடைச் செவத்துலகூட ஒட்டியிருக்கு."

"இத்தன வருசத்துல எனக்கு மூடுன பெட்டிய நான் பாத்ததில்ல."

"நானும் இன்னைக்குத்தாண்ணே மூடிப் பாக்குறேன்."

அவர் வெளியே போய் யாருக்கோ போன் போட்டார். உடனே என் போன் அடித்தது. மேலே இருக்கிற ஒருவர், கொஞ்சம் அனுசரித்துப் போகச் சொன்னார். "வாங்குங்கன்னு எழுத்துல குடுத்துருங்கய்யா, வாங்கிக்கிறேன்" என்றேன். அந்தப் பக்கம் இருமல் சத்தம் கேட்டது, பிறகு போன் வைக்கப்பட்டது.

உள்ளே வந்த கான்ட்ராக்டரிடம் நாற்காலியைக் காட்டினேன். "உக்காருங்கண்ணே. திறக்குறத யாரு வேணா பாக்கலாம்." கோபம் இருந்தாலும் மனிதர் உட்கார்ந்தார்.

எல்லார் முன்னாலும் தாளைக் கிழித்துப் பெட்டியைத் திறந்தோம். செயலர் ஒவ்வொன்றாக வாசித்தார். ஒப்புக்குப் போட்ட கவர் இரண்டும் மதிப்பீட்டுக்கு எங்கேயோ மேலே. மூன்றாவதை வாசிக்க ஆரம்பித்தவர் நிறுத்திக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். மதிப்பீட்டுக்குக் கீழே! தெருக்கடைசி வீடு வரை குழாய் போகும். இனி ஒற்றைக் கவர்தான் வந்தது என்று யாரும் டெண்டரைத் தள்ளவும் முடியாது. கூட இரண்டு பேரைப் போட்டிக்கு அனுப்பி வைத்தவரே எதிரில் உட்கார்ந்திருந்தார். எனக்கு வந்த சிரிப்பை முந்தானையால் மறைத்துக்கொண்டேன். எவ்வளவு மறைத்தாலும் தெரிந்திருக்கும். தெரியட்டுமே!

அந்த அம்மாவும் கணவரும் சொன்ன நாளுக்கு முன்பே வேலையை முடித்தார்கள். வால்வைத் திறந்த காலையில் தெருவே என் பின்னால் வந்தது. கடைசி வீட்டுக்காரி புதுக்குழாயை நம்பாமல் அதில் ஆட்டைக் கட்டிப்போட்டிருந்தாள். முதலில் காற்று உறுமியது, பிறகு செம்மண் கலங்கலாகக் கொட்டியது, ஆடு மிரண்டு கயிற்றோடு துள்ளியது. அவள் ஆட்டை அவிழ்ப்பதா குடத்தை எடுப்பதா என்று தெரியாமல் ஓடி, கடைசியில் வெறும் கையை நீட்டித் தண்ணீரில் வைத்துக்கொண்டு நின்றாள். தண்ணீர் தெளிந்து வரும்வரை கையை எடுக்கவில்லை.

"ஏத்தா, நாளைக்கும் வருமா?"

யாரையாவது கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வரும்" என்றேன். "உன் வீட்டு வாசலுக்கே வரும்."