வெளி டிஸ்க்கும் போளூர்க்காரரும்

எனக்கு யாரையும் லேசில் நம்பத் தோன்றாது. போளூரிலிருந்து பஸ் ஏறி வந்த அந்தக் கம்ப்யூட்டர் மெக்கானிக்கை அன்றைக்குத் துளியும் நம்பவில்லை.

மலைமேல், காவலூர் போகும் சாலையில் ஆன்லைன் மனு போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். இரண்டு நாளாகக் கம்ப்யூட்டர் கண் திறக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்காவின் பழைய நிலவரி ரசீது அதற்குள் இருந்தது. அசலை எலி தின்றுவிட்டது. நான் எப்போதோ ஸ்கேன் செய்து வைத்ததுதான் மிச்சம். அவள் சாமை விதைக்கிற நிலத்தைத் தன்னுடையது என்று போளூர்க்காரர் ஒருவர் கேஸ் போட்டிருந்தார். மறுநாள் விசாரணை. வந்த மெக்கானிக்கும் போளூர். எனக்கு இது போதாதா?

"மெஷின கெளப்புற சிஸ்டம் போய்ட்ச்சுங்க. ஃபைலுங்க பத்திரமாத்தான் இருக்கும். இந்த வெளி டிஸ்க்ல வேற சிஸ்டம் கீது. இதுலேர்ந்து கெளப்பிட்டா எல்லாத்தையும் எடுத்துடலாம்" என்றார்.

தன் பையிலிருந்து எடுத்த டிஸ்க்கை மாட்டிப் பார்த்தார்; மெஷின் கிளம்பவில்லை. செட்டிங் திரையைத் திறந்து, மெஷின் முதலில் வெளி டிஸ்க்கைத் தேடும்படி வரிசையை மாற்றினார். பிறகு, டிஸ்க்கின் கேபிளும் லூசாக இருக்கிறது என்று மெஷினை அணைத்துவிட்டு, செல்போன் கடையில் வேறு கேபிள் பார்த்து வரப் போனார். பையை விட்டுவிட்டுப் போனார்.

மேற்கே இடி உறுமியது. கை தானாகப் போய் பிளக்கைப் பிடுங்கியது. மலையில் எல்லோருக்கும் அந்தப் பழக்கம் உண்டு. இடிக்கு டிவியைப் பறிகொடுக்காத வீடு எங்கள் ஊரில் குறைவு. உறுமல் அடங்கியதும் பிளக்கைச் செருகிவிட்டு, அவர் பைக்குள் கைவிட்டேன். மெஷினுக்குள் இருந்த எங்கள் டிஸ்க்கைக் கழற்றி ஒளித்திருப்பாரோ என்று பயம். சாப்பாட்டு டப்பாவும் துண்டும் இருந்தன.

"இன்னாங்க தேடுறீங்க?"

வாசலில் நின்றார். கையை வெளியே இழுத்துக்கொண்டேன். அவர் புதுக் கேபிளை மாட்டி மெஷினைப் போட்டார். அதே கறுப்புத் திரை. செட்டிங்கைத் திறந்தால் வரிசை பழையபடி இருந்தது. தேதிகூட ஏதோ பழைய வருஷத்தைக் காட்டியது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்க மாத்தவே இல்ல. கேஸ் போட்ட ஆளுதான் உங்கள அனுப்பிச்சாரா?"

அவர் முகம் சுருங்கியது. திரையில் இருந்த தேதியைத் தொட்டுக் காட்டிக் கேட்டார்: "நான் போனப்ப பிளக்கைப் புடுங்கனீங்களா?"

"இடி இடிச்சா புடுங்காம?"

"உள்ள வாட்ச் பேட்டரி மாதிரி ஒரு பட்டன் செல் கீது. அது செத்துட்ச்சு. கரண்ட்டு அறுந்தா மாத்துனதெல்லாம் மெஷினுக்கு மறந்துடும், தேதியும்தான். இப்ப பிளக்குல கை வெக்காதீங்க."

மறுபடி வரிசையை மாற்றினார். மெஷின் அணையாமலே திரும்ப ஆரம்பித்தது. வெளி டிஸ்க்கின் விளக்கு மினுக்கியது, திரை வெளுத்தது. ரசீது அப்படியே இருந்தது. பிரிண்ட் எடுத்ததும், கடையில் காத்திருந்த அக்கா அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு அழுதாள். ஓடிப்போய் ஒரு பொட்டலம் புளி கொண்டுவந்து அவரிடம் கொடுத்தாள்.

அவர் பையின் வாயை அகலமாக விரித்து, என் பக்கம் திருப்பிப் பிடித்தார். புளியை அதில் வைத்தார். வெளி டிஸ்க்கை வைத்தார்.

"பாத்துக்கிட்டீங்களாம்மா?"

அவமானத்தில் காது சுட்டது. ஆனாலும் எட்டிப் பார்த்தேன்.