மிஸ்டர் வாக்கரின் காதும் என் தலையும்

1. வேலை கிடைத்த விதம்

முதல் நாள் மிஸ்டர் வாக்கர் என்னிடம் கேட்டது ஒரேயொரு கேள்வி. அவர் பேசியது ஆங்கிலம். எனக்கு நினைவிருப்பது எங்கள் வீட்டுத் தமிழில்தான்.

"உமக்கு ஜாஸ் தெரியுமோ?"

"தெரியாது."

"நல்லதாப் போச்சு. அப்ப என்ர வசனத்தைத் திருத்தமாட்டீர்."

சிகாகோவில் பிறந்த கறுப்பின எழுத்தாளர் அவர். தன் மக்களின் இசையைப் பற்றி ஐந்து புத்தகங்கள் எழுதிவிட்டு லண்டனில் குடியேறி, ஒரு சஞ்சிகைக்கு வாராவாரம் ஜாஸ் விமர்சனம் எழுதிவந்தார். விம்பிள்டனில் அவருடைய வீட்டு முன்னறையில் அவர் நடந்தபடி சொல்வார், நான் டைப் அடிப்பேன். பதினொரு வருடம் இதுதான் வேலை.

கச்சேரிகளுக்கும் குறிப்பெடுக்க அவரோடு போவேன். யாழ்ப்பாணத்தில் பாட்டுப் படித்தவள் என்பதால் கை தானாகத் தொடையில் தாளம் போடும். மற்றபடி ஜாஸ் எனக்குப் பிடிக்கவேயில்லை. ஆளுக்கொரு பக்கம் போய்விட்டு, பிறகு பாட்டைத் தேடுகிறார்கள் என்றே நினைப்பேன்.

2. டிரம்ஸ் அடித்த பிள்ளை

ஒரு ஞாயிறு மதியம் சோஹோவில் கச்சேரி. டிரம்ஸில் இருந்தது இருபது வயதுப் பெண்பிள்ளை. தனியாக அடிக்கத் தொடங்கினாள் பாருங்கள், நான் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன். தாளக் கணக்கு எங்கெங்கோ போய்ச் சரியாக வந்து விழுந்தது. நான் "ச்சு, ச்சு" என்று தலையை இடமும் வலமுமாக ஆட்டினேன்.

மறுநாள் மிஸ்டர் வாக்கர் டிக்டேஷன் சொன்னார்.

"டிரம்ஸ் படுமோசம். இந்தப் பிள்ளை வேற வேலை தேடுறது நல்லம்."

என் கை நின்றது.

"என்ன, டைப் அடியுமன்."

"ஏலாது. அந்தப் பிள்ளை அருமையா வாசிச்சது."

"நீர்தானே தலையை ஆட்டினீர்? இல்லை, இல்லையெண்டு!"

"ஐயோ, அது நல்லா இருக்கெண்டு! எங்கட கச்சேரியில அப்பிடித்தான் ஆட்டுவம்."

"பதினொரு வருசத்தில ஒருநாளும் ஆட்டினதில்லையே?"

"அதுக்கு முதல் ஒண்டும் எனக்குப் பிடிக்கேல்லையே!"

அவர் கதிரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகுதான் சொன்னார். இரண்டு வருடமாக அவருக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. என் கையைப் பார்த்துத் தாளத்தையும், என் முகத்தைப் பார்த்து மிச்சத்தையும் எழுதியிருக்கிறார். சஞ்சிகை எடிட்டருக்குத் தெரிந்தால் அவருடைய வாராந்தப் பத்தி போய்விடும். எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

"அந்த வரியை மட்டும் வெட்டிவிடுவம். ஒருத்தருக்கும் தெரியவராது" என்றேன்.

"இல்லை. எல்லாத்தையும் நீர் அழியும். புதுசா எழுதும்."

புதிதாகச் சொன்னதில் எல்லாம் இருந்தது: தன் காது, என் தலை, தான் எழுதவிருந்த பொய். "அந்தப் பிள்ளையின் வாசிப்பை நான் கேட்கவில்லை. கேட்டவர் தலை ஆட்டினார்" என்று முடித்தார். அனுப்பு பட்டனை என் கையால்தான் அமத்தினேன்.

அது அச்சில் வந்தது. அதோடு அவருடைய பத்தி நின்றுபோனது. எடிட்டர் மரியாதையாகத்தான் எழுதியிருந்தார்.

அதை வாசித்த அந்தப் பிள்ளை, அடுத்த மாதம் தன் கச்சேரியில் எங்களுக்கு முன்வரிசையில் இரண்டு இருக்கை ஒதுக்கியிருந்தாள். அவள் அடிக்க அடிக்க என் தலை ஆடியது. பக்கத்தில் பார்த்தேன். மிஸ்டர் வாக்கர் மேடையைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தபடி, இடமும் வலமுமாகத் தன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். தாளத்துக்கு ஒரு அடி பிந்தி.

டைப் அடிக்கும் இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு வரி பிழையென்று தெரிந்தால் கையை நிறுத்துங்கள். பிடித்திருந்தால் வாயைத் திறந்து சொல்லுங்கள்.