படம், படம், படம்

என் கணவர் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுப்பவர். கண்ணில் அழுத்தம் கூடிப் பார்வை முக்கால்வாசி போன பிறகும் வேலையை விடவில்லை. பாடம் எடுப்பதில் சிக்கல் இல்லை, எல்லாம் தலைக்குள் இருக்கிறது. வினாத்தாள்தான் இடித்தது. கரமனை வீட்டில், சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் கணினியில் தட்டுவேன்.

அவர் ஆராய்ச்சிக் காலத்தில் லேடெக் என்ற மென்பொருளில் எழுதியவர். அதில் பின்னம், வர்க்கமூலம் எல்லாவற்றையும் சொல்லாகவே தட்ட வேண்டும். பக்கம் எப்படி வரும் என்பது கடைசியில்தான் தெரியும். "இதென்ன கண்றாவி, புள்ளி மட்டும் வச்சுட்டு எழுந்துபோன கோலமாட்டம்?" என்று நான் வேர்டைப் பிடித்துக்கொண்டேன். எனக்கு எதுவும் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும்.

வேர்டில் ஒரு வரி சேர்த்தால் சமன்பாடு அடுத்த பக்கத்துக்கு ஓடும். நான் விடுவேனா? ஒவ்வொன்றையும் படமாக மாற்றி, ஆணி அடித்தாற்போல் ஒட்டிவைத்தேன். எனக்கு ஒரே பெருமை.

"சரியா இருக்கான்னு பாக்கறேளா?" என்று கேட்டால், "சாரமில்லை, நீ போட்டாப் போறும்" என்பார்; பரவாயில்லை என்பதற்கு எங்கள் பக்கத்துச் சொல். முன்பெல்லாம் ரசத்தில் அரைக்கல் உப்பு கூடினாலும் திட்டித் தீர்க்கிற மனுஷர். அந்தச் சாந்தம் எனக்குப் பிடிக்கவே இல்லை.

திரையில் இருப்பதைப் படித்துக்காட்டும் மென்பொருள் ஒன்று வைத்திருந்தார். ஒருநாள் அவர் காதிலிருந்த ஹெட்போனை வாங்கி நான் மாட்டிக்கொண்டேன். "மதிப்பைக் காண்க" என்று ஆங்கிலத்தில் சொன்னது. அப்புறம், "படம்." அடுத்த கேள்விக்கும் "படம்." தாள் முழுக்க அதேதான். நான் ஒட்டிய சமன்பாடு ஒன்றைக்கூட அதற்குப் படிக்கத் தெரியவில்லை.

"எத்தனை நாளா இப்படி?"

"ஆரம்பத்துலேந்தே."

"சொல்லப்படாதோ?"

"நீ கஷ்டப்பட்டு ஒட்டறயே, எப்படிச் சொல்ல?"

எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அன்றைக்கே லேடெக்குக்கு மாறினோம். பிராக்கெட்டும் டாலர் குறியுமாக நான் அழாக்குறையாகத் தட்ட, அவர் காதில் மாட்டி வரிவரியாகக் கேட்டார். நாலாவது கணக்கில் நிறுத்தினார்.

"மைனஸ் எங்கடீ? கண்ணு இருந்தும் பாக்கமாட்டியோ? இதைக் கொண்டுபோய்க் கொடுத்தா கிளாஸ்ல குட்டிகள் எதை எழுதும்?"

மேஜையை வேறு தட்டினார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு மைனஸைப் போட்டேன். அவர் என்னைத் திட்டி ஒரு வருஷம் ஆகியிருந்தது.